சாமி வந்தவரை அடித்த லாத்தாவுக்கு

லாத்தா,

அன்று அந்த ஏரிக்கரையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான், என் வீட்டுக்காரர், அக்கா முறையில் நான் லாத்தா என்று கூப்பிடும் நீங்கள், உங்கள் வீட்டுக்காரர் பாய், பஜனைக் குழுவில் பாடும் செந்தில். ஐந்தே பேர். ஆறாவதாக ஒருவரும் கிடையாது. இதை ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்றால், இந்தக் கதையை இப்போது நம் ஊர் பிளசன்டனில் சொல்கிறவர்களில் பாதிப்பேர் தாங்களும் அங்கே இருந்தது போலத்தான் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு வளைகாப்பில் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி என்னிடமே கேட்டாள். "ஆன்ட்டி, யாரோ ஒருத்தருக்கு மலையில சாமி வந்துச்சாமே, கூடப் போன லேடி அந்த சாமியவே அடிச்சிட்டாங்களாமே, தெரியுமா?" என் கையில் புளியோதரைத் தட்டு இருந்தது. அதை அவள் பட்டுப்புடவை மேல் கவிழ்க்கத்தான் கை போனது. முருகா என்று அடக்கிக்கொண்டேன்.

இன்று காலை அவர் கராஜிலிருந்து அந்தக் கூடாரத்தை எடுத்துப் பின்பக்கப் புல்தரையில் விரித்துக் காயப்போட்டார். வெயில் பட்டதும் அந்த நைலான் வாடை கிளம்பி, சன்னல் வழியாக என் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஈரமும் மண்ணெண்ணெயும் வாந்தியும் கலந்த மாதிரி ஒரு வாடை. எத்தனை முறை கழுவிப்போட்டாலும் போகாத வாடை. அடுப்பில் வெந்துகொண்டிருந்த பருப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன்.

"இது எதுக்குங்க இப்போ?"

"வேண்டுதல் பாக்கி இருக்குதில்ல. இந்த ஆடிக் கிருத்திகைக்குப் போயி முடிச்சுட்டு வந்தர்றேன்."

"எங்க?"

"வேற எங்க? அதே எடந்தான்."

அதே மலை. அதே பேஸ் கேம்ப். செந்திலும் இன்னும் மூன்று நான்கு பையன்களும் கூடப் போகிறார்களாம். நீங்கள் போகவில்லை. நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். நான் மளிகைக் கணக்கு எழுதியே தமிழை மறக்காமல் வைத்திருக்கிறவள். வார்த்தை முன்பின் இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

வேண்டுதல் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கிரீன் கார்டு வராமல் இழுத்துக்கொண்டே போன வருஷங்களில் அவர் முருகனிடம் சொல்லிவைத்தார். கார்டு கைக்கு வந்தால் நடந்தே ஒரு பெரிய மலை ஏறி, அதன் உச்சிக்கு அடியில் அவன் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைப்பதாக. இங்கே பழனிக்கு எங்கே போவது? கலிபோர்னியாவில் இருக்கிறதிலேயே உயரமான மலைகள் கிழக்கே இருக்கின்றன என்று படத்தில் பார்த்து அங்கே போவதென்று வைத்துக்கொண்டார். கார்டு வந்தது. அடுத்த ஆடிக்கு மாலை போட்டார். வெங்காயம் பூண்டு நிறுத்தியாயிற்று. வாரா வாரம் பிரீமான்ட் பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கிப் பழகினோம். நீங்களும் பாயும் வருகிறீர்கள் என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கனத்த உடம்போடு எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறிப்போய், மேலே நின்றுகொண்டு, "ஏளா, உன் முருகன் மலையில இருக்கான், சரி. நீ ஏன் இன்னும் ரோட்டுலயே நிக்க?" என்று கத்துவீர்கள்.

லைப்ரரியில் எடுத்து வந்த வழிகாட்டிப் புத்தகத்தை நான்தான் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். கடல் மட்டத்திலிருந்து போகிறவர்கள் நடுவில் இருக்கும் சின்ன ஏரியில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தங்குவதாகத்தான் திட்டமும் போட்டோம். ஆனால் காரை நிறுத்திய இடத்திலேயே பாதை முதல் நாள் மழையில் அடைபட்டு, அரை நாள் வீணாகிவிட்டது. சின்ன ஏரியில் தங்கினால் கிருத்திகை தாண்டிவிடும். அவர் நிற்கவில்லை. "கெரகம், தங்கறதுக்கா மாலை போட்டேன்?" என்று நேராக ஏறினார். தலை வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டே ஏறினார். பாய் மாத்திரையை நீட்டினார். விரதத்தில் மாத்திரையா என்று கையைத் தட்டிவிட்டார். திரும்பிவிடலாமா என்று நீங்கள் கேட்டபோது செந்தில்தான் பதில் சொன்னான். "மாலை போட்டுக் கெளம்பினவங்க பாதியில திரும்பக் கூடாதுக்கா. வீட்டுக்கு ஆகாது."

நீங்கள் அவனை மேலும் கீழும் பார்த்தீர்கள். "எந்த வீட்டுக்கு ஆகாது? உன் வீட்டுக்கா, இவ வீட்டுக்கா?"

எங்கள் ஊரில் பாதயாத்திரை போகிறவர்கள் கால் வெடித்து ரத்தம் வந்தாலும் திரும்ப மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நானும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். ஆனால் லாத்தா, பழனிக்குப் போகிற வழியில் காற்று உண்டு. அங்கே காற்று இல்லை.

பேஸ் கேம்ப் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். ஒரு கல்லாங்காடு. மரம் ஒன்று இல்லை, புல் ஒன்று இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு ஏரி. மூன்று பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர். மலையுச்சிக்கு ஏறுகிறவர்கள் அங்கே கூடாரம் போட்டு இளைப்பாறுவார்களாம். அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து மற்றவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நமக்கு எதிரே இறங்கிப் போய்விட்டார்கள். போகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவரை நின்று பார்த்துவிட்டு, உங்கள் ஆள் நடக்கிற நடை சரியில்லை என்று சொன்னார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அந்தச் சிரிப்பு அவருடைய சிரிப்பாகவே இல்லை.

கூடாரம் கட்டி முடித்தோமோ இல்லையோ, புயல் அடித்தது. முதலில் ஆலங்கட்டி. பிறகு இடி. நம் ஊர் இடி எங்கேயோ வானத்தில் உருளும். அங்கே இடி நம் பக்கத்திலேயே நின்று கன்னத்தில் அறைகிறது. மின்னல் எதிர்ப் பாறையில் விழுந்து ஒரு பாளம் பெயர்ந்தது. வீடு அளவுக் கற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு சரிந்து வந்து ஏரியில் விழுந்தன. தண்ணீர் எழும்பி நம் மேல் கொட்டியது. பல்லில் இரும்புச் சுவை. உங்கள் முக்காட்டுக்கு வெளியே இருந்த முடி குத்திட்டு நின்றது. "கம்பு எல்லாத்தையும் தூரப் போடுங்க!" என்று பாய் கத்தினார். நடக்கிற ஊன்றுகோல்களை எல்லோரும் வீசினோம். கல் சந்தில் குனிந்து உட்கார்ந்தோம். நான் கவசம் சொன்னேன். நீங்கள் உங்கள் ஓதலைச் சொன்னீர்கள். இரண்டும் எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

அப்போதுதான், தலைவலியோடு உள்ளே போய்ப் படுத்திருந்த அவர் கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை. பேன்ட்டுக்கு மேல் மஞ்சள் வேட்டியைச் சுற்றியிருந்தார். வீசிப்போட்ட ஊன்றுகோல் ஒன்று கையில். ஆலங்கட்டி முதுகில் விழுந்து தெறிக்கிறது, அவருக்கு உறைக்கவில்லை. ஏதோ சொன்னார். தமிழ் மாதிரி இருந்தது, தமிழ் இல்லை. நாக்கு சுருண்டுகொண்டது. பாய் எழுந்து போய், "மாப்ள, உள்ள வாங்க, மின்னல் வெட்டுது" என்று தோளைத் தொட்டார். அவர் கோலை இரண்டு கையாலும் பிடித்து பாயின் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு உடைந்த சத்தம் அந்த இடியிலும் எனக்குக் கேட்டது. பாய் மல்லாக்க விழுந்தார். அவர் விழுந்தவரையும் அடித்தார். ஒன்று, இன்னொன்று. பாயின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்து கல்லில் கிடந்தது. என் கண்ணெதிரே, லாத்தா. கோவில் கொடிமரத்துக்கு முன்னால் எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப்போகிற மனுஷன்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என் தலைமுடியைப் பற்றித் தூக்கி என்னை எறிந்தார். முழங்கை சிராய்த்து எலும்பு தெரிந்தது. யார் என்று தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

செந்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டான். "அருள் வந்துருச்சு! அண்ணனுக்கு அருள் வந்துருச்சு! வெற்றிவேல் முருகனுக்கு..." என்று கத்தினான். யாரும் அரோகரா சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான். பையிலிருந்து திருநீற்று டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் நீட்டினான். "சாமி, எந்த மலையிலேர்ந்து வந்திருக்கீங்க? என்ன கொறை? சொல்லுங்க சாமி!" அவர் ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். "சாமி தண்ணிக்குப் போகணும்ங்குது, வழி விடுங்க" என்றான் செந்தில். அவர் ஏரியைப் பார்த்து நடந்தார். கரையிலிருந்து ஒரே எட்டில் ஆழம். பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர்.

நீங்கள் பாயின் தலையை மடியில் வைத்து முக்காட்டால் ரத்தத்தைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினீர்கள்.

"ஏளா! நான் இதெல்லாம் அறியாதவ. நீ பொறந்ததுலேர்ந்து பாத்தவ. நீ சொல்லு. இது சாமியா?"

செந்தில் திரும்பி என்னைப் பார்த்தான். "அக்கா, வாய தொறந்து தப்பா எதும் சொல்லிறாதீங்க. சாமி குத்தம் ஆயிரும்."

நான் பார்த்தேன், லாத்தா. சாமி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் மாரியம்மன் நோன்பில் என் சித்தப்பா ஆடினால், உடுக்கைச் சத்தம் அவர் பாதத்தில் இருக்கும். மண் அதிர்கிற மாதிரி ஊன்றுவார், ஒரு அடி பிசகாது. தீக்குழியில் ஓரக்கல்லைக்கூட மிதிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தில் கையை நீட்டினால், யாருக்குத் திருநீறு போட வேண்டுமோ அந்த நெற்றியில் கட்டைவிரல் போய் நிற்கும். சாமிக்குக் குறி தப்பாது. இவருக்குக் கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போனது. செந்தில் கூடவே நடந்து நீட்டிய டப்பாவில் திருநீறு எடுக்கக் கையைக் கொண்டுபோனார். கை டப்பாவுக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. மறுபடியும் காற்றைப் பிடித்தது. மூன்றாவது தடவை டப்பாவுக்குள் விழுந்த கை, திருநீற்றை நெற்றிக்குக் கொண்டுபோகத் தெரியாமல் திறந்திருந்த கண்ணுக்குள் அப்பியது. அவர் இமைக்கவும் இல்லை.

"இல்லை" என்றேன்.

"சத்தமாச் சொல்லு!"

"சாமி இல்லீங்க! எங்க சாமி இப்படி வராது! இது சீக்கு!"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னது கிடையாது. சொன்ன கையோடு மறுபடியும் ஒரு மின்னல். முருகன் என் தலையில்தான் போட்டான் என்று நினைத்தேன்.

நீங்கள் பாயின் தலையைக் கீழே மெதுவாக வைத்தீர்கள். கூடாரத்து வாசலில் தேங்காய்ப் பை கிடந்தது. வேண்டுதல் தேங்காய், மட்டை உரித்துக் குடுமியோடு மஞ்சள் துணிப்பையில் கட்டி அவரே சுமந்து வந்தது. அதன் வாயை முறுக்கிக் கையில் சுற்றிக்கொண்டீர்கள். அவர் கால் தண்ணீரில் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து போய் முழங்கால் மடிப்பில் உதைத்தீர்கள். மண்டியிட்டார். உடனே திரும்பி உங்கள் கழுத்தைப் பிடித்துவிட்டார். உங்கள் முகம் கறுத்தது. கழுத்தில் இருந்த கையை எடுக்க நீங்கள் பார்க்கவே இல்லை. பையைத் தலைக்கு மேல் சுழற்றி, காதுக்குப் பின்னால் ஒரே அடி. குடுமித் தேங்காய், பைக்குள்ளேயே உடைந்தது. தேங்காய்த் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து மஞ்சள் துணியில் வழிந்தது. அவர் சாய்ந்தார்.

செந்தில் அப்படியே உட்கார்ந்து அழுதான். "பாவி, சாமிய அடிச்சிட்டியே, பாவி" என்றான். நீங்கள் ஒரு எட்டு வைத்துப்போய் அவனுக்குப் பொளேர் என்று ஒன்று விட்டீர்கள். "எந்திரி. காலப் புடி" என்றீர்கள். எழுந்தான். பிடித்தான்.

கூடாரக் கயிற்றால் கையைக் கட்டினோம். முடிச்சை நான் போட்டேன். படுக்கைப் பைக்குள் திணித்து அந்தக் கல்லில் இழுத்துக்கொண்டு இறங்கினோம். பாய் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் இழுத்தார். தன் பல்லை உதிர்த்தவனை இழுத்தார். வழியெல்லாம் அவர் திமிறினார், கடித்தார், காறித் துப்பினார். என் மணிக்கட்டில் பல் பதிந்தது. வாந்தி எடுத்தபோது மட்டும் நிறுத்தி, முகத்தைத் திருப்பி, நீங்கள் விரலை விட்டு வாயைச் சுத்தம் செய்தீர்கள். மரம் முளைக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சின்ன ஏரியைத் தாண்டியதும் திமிறல் அடங்கியது. இன்னும் கீழே வந்ததும் கண்ணைத் திறந்து, "ஏம்புள்ள, எங் கையைக் கட்டியிருக்குது?" என்று கேட்டார். நான் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீங்கள் பாயிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இப்பம் பாத்தீங்களா, சாமி மலையேறிட்டாரு." மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய பாய் சிரித்தார்.

அடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் படம் போட்டுக் காட்டினார். உயரத்துக் காற்றில் மூளைக்குள் நீர் கோத்து வீங்குமாம். அப்படி வீங்கினால் ஆள் குடிகாரன் மாதிரி ஆவான், பிறகு மூர்க்கமாவான், பிறகு தூங்குவான், அந்தத் தூக்கத்திலிருந்து எழ மாட்டான். இறக்கிக்கொண்டு வருவது ஒன்றுதான் மருந்து என்றார். காதுக்குப் பின்னால் தையல் போட்டபடியே, இது எப்படி என்று கேட்டார். "கோகனட்" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றி சொல்லி ஒரு விருந்து வைத்திருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். ஊருக்கு வந்து செந்தில் கதையைத் தொடங்கினான். மலையில் அண்ணனுக்கு அருள் வந்தது, முருகனே ஏரியில் குளிக்கக் கேட்டான், வேற்று மதத்துக்காரி பொறுக்காமல் அடித்துவிட்டாள். பஜனையில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். காலில் விழுந்தார்கள். மூளை வீங்கிக் கூட்டாளியின் பல்லை உடைத்தேன் என்பதைவிட, முருகன் என்மேல் இறங்கினான் என்பது யாருக்குத்தான் இனிக்காது? அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஞாபகமே இல்லை. இல்லாத இடத்தில் செந்தில் சொன்னதை வைத்து நிரப்பிக்கொண்டார். பாயின் போனை எடுப்பதை நிறுத்தினார். உங்கள் வீட்டு வாசலை மிதிக்காதே என்றார்.

நான் மிதித்தேன். சில நாள் இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில், உங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவோம். "அக்காளும் தங்கச்சியும் கள்ளக் காதலர் மாதிரில்லா ஒளிஞ்சு பாக்கோம்" என்று சிரிப்பீர்கள். உங்கள் கழுத்தில் அவர் விரல் பதிந்த தடம் மறையவே பல வாரம் ஆனது. ஒரு நாளும் அதைக் காட்டிப் பேசியதில்லை. நான் என் சாமியை இல்லை என்று சொல்லிவிட்டேனே என்று ஒரு நாள் குமுறியபோது, "நீ சாமிய இல்லன்னு சொல்லல. சாமி பேரச் சொல்லி ஆளக் கொல்லுறத இல்லன்னு சொன்ன" என்றீர்கள். அதன் பிறகு நோய் வந்தது. அது உங்களை அடித்த அடியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அடக்கத்தன்று அவர் என்னை உங்கள் வீட்டில் இறக்கிவிட்டுத் தெருமுனையில் காருக்குள்ளேயே இருந்தார். பாய் வெளியே வந்து, கார்க் கண்ணாடியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக் குடித்தார்.

இன்று அந்தக் கூடாரத்தின் பக்கத்தில் நின்று அவரோடு சண்டை போட்டேன்.

"தேங்காய் அன்னிக்கே உடைஞ்சுருச்சுங்க. உச்சிக்கு அடியில, கிருத்திகை அன்னிக்கு, உங்க தலைமேலயே. கரூர்ப் பக்கம் கோயில்ல தலையிலதான் உடைக்கிறாங்க. வேண்டுதல் தீர்ந்துச்சு."

"சாமி கும்பிடாதவங்க கையால உடைஞ்சது கணக்குல சேராது."

அப்போது எனக்கு வந்த கோபத்தை எந்தச் சாமியும் மன்னிக்கட்டும். கூடாரத்து இரும்பு முளையைப் பிடுங்கி அவர் காலடி மண்ணில் ஓங்கிக் குத்தினேன். "இந்த வீட்டுல கணக்கு எழுதறவ நானு. எது சேரும் எது சேராதுன்னு நாந்தேன் சொல்லோணும். அந்தக் கை இல்லைன்னா இந்தப் பேச்சுப் பேச நீங்க இல்லை!" என் மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா, ஸ்டாப்! அப்பா, ப்ளீஸ் டோன்ட் கோ" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார். தடவிக்கொண்டே, "முருகன் பாத்துக்குவான் கண்ணு" என்றார். போவது போவதுதான்.

மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், விரதம் என்கிறார். சின்ன ஏரியில் தங்குங்கள் என்றேன், பார்க்கலாம் என்கிறார். செந்திலுக்குப் போன் செய்தேன். "சாமி மறுபடி வந்தா இந்தத் தடவை யாரும் குறுக்க நிக்க மாட்டோம்க்கா" என்று பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டதும்தான் முடிவு செய்தேன். நானும் போகிறேன். பாயிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் உங்கள் மலையேறும் ஷூவை எடுத்து வந்து, எனக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். இரண்டு காலுறை போட்டால் சரியாக இருக்கிறது.

"இது சாமி இல்லை" என்று சொல்ல எனக்கு இப்போது பயம் இல்லை. அது ஒன்று உங்களிடமிருந்து என்னிடம் வந்து தங்கிவிட்டது. கயிறு கட்டத் தெரியும், இழுக்கத் தெரியும், வழி தெரியும். அடிக்கத்தான் தெரியாது. அடிக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவர் தலையில் எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் விரலில் தட்டுகிறது. எவ்வளவு பலமாக என்பதுதான் தெரியவில்லை. கொஞ்சம் குறைந்தால் எழுந்து தண்ணீருக்குப் போய்விடுவார். கொஞ்சம் கூடினால் என் கையாலேயே போய்விடுவார். இத்தனை நாள் காருக்குள் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினோமே, இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அடிக்கும்போது கண்ணைத் திறந்திருந்தீர்களா, மூடிக்கொண்டீர்களா?

வருகிற வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். கனவிலாவது வந்து, அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள், லாத்தா.